அறத்துக்கு ரசீது எங்கே?

திருவையாற்றில் காவிரிப் படுகை நெடுக வாழை. தார் வெட்டியபின் சாய்த்த மரத்தின் பட்டையிலும் நாரிலும் செய்த கைப்பைகளுக்கு நகரங்களில் இன்று நல்ல மதிப்பு இருக்கிறது. பையில் ஒரு சின்ன அட்டை தொங்கும். கைகளால் செய்தது, கிராமத்துப் பெண்களின் உழைப்பு, கழிவிலிருந்து பிறந்தது, ரசாயனம் கலக்காதது, விலங்குகளுக்குத் தீங்கு செய்யாதது என்று அது சொல்லும். பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு பெண்ணின் படம். இப்படிப்பட்ட பைகளைப் பற்றி நல்லெண்ணம் கொண்ட, படித்த பலர் பேசும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்: வேலைப்பாடு இவ்வளவு சுத்தமாக இருக்கிறது, கைவேலை என்பது பார்த்தாலே தெரிகிறது, விலையும் கூடுதலாகத்தான் வைத்திருக்கிறார்கள், அப்படியானால் செய்தவர்களுக்கும் நியாயமாகத்தான் கொடுத்திருப்பார்கள். தோல் பை வாங்குபவர்கள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள்: பெரிய பிராண்டு, பெரிய விலை, அங்கே போய் ஏமாற்று இருக்குமா?

இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு, உழைப்பவருக்குக் கேடு செய்யும் தவறு. பையின் வேலைப்பாட்டைக் கண்ணால் பார்க்கலாம், கையால் சோதிக்கலாம். அதைச் செய்தவர் வாங்கிய கூலியைப் பையின் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பார்க்க முடியாது. முதலாவதை வைத்து இரண்டாவதை ஊகிக்கிறோம். அந்த ஊகத்தைத்தான் பிராண்டுகள் விலைக்கு விற்கின்றன.

நெல் விளைகிற இந்தச் சீமையில் இருப்பவர்கள் இதில் ஏமாறக் கூடாது. நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள், தூற்றுகிறார்கள், 40 கிலோ மூட்டையாக எடை போடுகிறார்கள், அதன் பிறகுதான் சீட்டு. மழையில் நனைந்த நெல்லோடு நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் விவசாயி எவ்வளவு நல்லவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அளவு மட்டுமே பேசுகிறது. சோறு போடுகிறவனிடம் இவ்வளவு கறாராக அளவு கேட்கும் சமூகம், அறத்தை விற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வரும் வணிகரிடம் மட்டும் ஓர் அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்தி அடைவது என்ன நியாயம்?

வேலைப்பாட்டை முதலில் பார்த்துவிடுவோம். அதில் வாங்குபவருக்குப் பிராண்டின் பேச்சே தேவையில்லை. பையின் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். கைப்பிடி சேரும் இடத்தைப் பாருங்கள். பை அறுவது பெரும்பாலும் அங்கேதான். கைப்பிடியை நெசவில் வெறுமனே சொருகிப் பசை வைத்திருக்கிறார்களா, உள்ளே கனமான துணியோ தோலோ கொடுத்து அழுத்தித் தைத்திருக்கிறார்களா? தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் திருப்பித் தைத்திருக்கிறதா? லைனிங் இழுத்தால் நகர்கிறதா? தோல் பையில், கையால் தைத்தேன் என்று சொன்னால் அதற்கும் சோதனை உண்டு. கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் நூலை இழுப்பார்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் நிற்கும். இயந்திரத் தையலில் மேல்நூலும் அடிநூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்துப் பிரிய வாய்ப்பு அதிகம். வெட்டிய ஓரம் இன்னொரு சாட்சி. குரோம் உப்பால் பதனிட்ட தோலுக்கு உள்வரை சாயம் ஏறாவிட்டால் ஓரத்தின் நடுவில் வெளிர் நீலம் தெரியும். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் உள்வரை பழுப்பாக இருக்கும்.

வாழைநாரைச் சோதிக்கத் திருவையாற்றுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூக்கட்டுகிறவர்கள் நாரைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டுதான் கட்டுவார்கள். ஈரத்தில் வளையும், காய்ந்தால் முறியும். ஆகவே பை எங்கே மடிகிறதோ அங்கே விரலால் நாலு தடவை மடக்கிப் பாருங்கள். பிசிறு கிளம்பினால் கயிறு சரியாக முறுக்கப்படவில்லை. மூக்கருகே கொண்டுபோங்கள்; சரியாகக் காயாத பட்டை ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடிக்கும், அந்த வாடை முன்பே காட்டிக்கொடுத்துவிடும். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்தால் சாயம் எப்படிப்பட்டது என்று தெரியும். மேலே வழவழப்பாக ஒரு பூச்சு கையில் பட்டால், அது என்ன பூச்சு என்று கேளுங்கள். ‘ரசாயனம் இல்லை’ என்று எழுதியவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இவ்வளவும் நல்ல சோதனைகள். பை நல்ல பையா என்பதற்கு இவை விடை சொல்லும். அங்கேயே நின்றுவிடும்.

2024-இல் இத்தாலியில் வெளிவந்ததைப் பாருங்கள். உலகிலேயே கைவேலைக்குப் பெயர்போன நாடு அது. ‘இத்தாலியில் செய்தது’ என்ற இரண்டு சொல்லுக்காகவே மக்கள் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் அர்மானியின் ஒரு கிளை நிறுவனத்தையும், ஜூனில் டியோரின் ஒரு கிளை நிறுவனத்தையும் மிலான் நீதிமன்றம் தன் மேற்பார்வையில் வைத்தது. அரசுத் தரப்பு விசாரணையில் வந்த கணக்கு இது: 2,600 யூரோவுக்குக் கடையில் விற்ற டியோர் பையைச் செய்து கொடுக்க, துணை ஒப்பந்தப் பட்டறைக்குப் போனது 53 யூரோ. மூலப்பொருள் செலவு அந்த 53-இல் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அன்றைய ரூபாய் மதிப்பில் பார்த்தால் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் விற்ற பொருளுக்குச் செய்கூலி ஐயாயிரத்துக்கும் கீழ். தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்து எழுந்தார்கள், வேலை வேகமாக நடக்க இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள் என்றும் விசாரணை சொன்னது. அர்மானி வழக்கில் பட்டறையிலிருந்து 93 யூரோவுக்குப் போன பை, இடையில் நின்ற ஒப்பந்ததாரரிடமிருந்து 250 யூரோவுக்குப் பிராண்டிடம் போய், கடையில் சுமார் 1,800 யூரோவுக்கு விற்றது. அந்தப் பிராண்டுகள் நேரடியாகக் குற்றம் செய்ததாக வழக்கு இல்லை. தங்களுக்குச் செய்து கொடுத்தவர்களைக் கண்காணிக்கத் தவறினார்கள் என்பதே நீதிமன்றம் சொன்ன குறை. மேற்பார்வையும் 2025 தொடக்கத்தில் விலக்கப்பட்டது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. அந்தப் பைகளின் தையலில் எவரும் குறை கண்டுபிடிக்கவில்லை. கோணல் தையல் இல்லை, அறுந்த கைப்பிடி இல்லை. வாங்கிய எவரும் ஏமாந்ததாக உணர்ந்திருக்க மாட்டார்கள். நல்ல வேலைப்பாடும் கேடான கூலியும் ஒரே பையில் சேர்ந்தே இருந்தன, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு. பட்டறையில் விளக்கு அணையாமல் வேலை வாங்கினாலும் தேர்ந்த கை தேர்ந்த தையலைத்தான் போடும். தொழிலில் பெருமை உள்ளவர்களின் பலவீனமே அதுதான். கூலி குறைந்தாலும் அவர்களுக்கு வேலையைக் கெடுக்க மனம் வராது. அவர்களுடைய அந்த நேர்மையைக் காட்டி முதலாளியின் நேர்மைக்குச் சான்று வாங்குவது கொடுமை. 2025 ஆகஸ்டில் இத்தாலியின் போட்டி ஒழுங்காற்று ஆணையம் அர்மானி குழும நிறுவனங்களுக்கு 35 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பையைப் பற்றி அல்ல, தங்கள் அறத்தைப் பற்றி அவர்கள் எழுதிவைத்திருந்த வாசகங்களுக்காக.

கைவேலையைப் போற்றுகிறோம் என்ற பேச்சில் நம் ஊரிலும் கூலி காணாமல் போகிறது. 2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா காட்டிய செருப்பு கோலாப்பூர்ச் செருப்பைப் போலவே இருந்தது என்று நாடே கொதித்தது. பெயர் சொல்லவில்லை, மரபைச் சொல்லவில்லை என்ற கோபம் நியாயமானது; பிராடாவும் பிறகு ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வாரங்களில் வந்த எழுத்துகளில், கோலாப்பூரில் ஒரு ஜோடி தைக்கிறவருக்கு நாள் முடிவில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி எத்தனை வரி பிடித்தது? பெயருக்காகச் சண்டை போட்டோம், கூலியை விட்டுவிட்டோம்.

முத்திரை இருக்கிறதே என்பார்கள். புவிசார் குறியீடு இருக்கிறது, அரசு அடையாளம் இருக்கிறது, பிறகென்ன சந்தேகம்? தஞ்சைக்காரர்கள் இதை விளங்கிக்கொள்ளத் தூரம் போக வேண்டாம். திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், தட்டு, பொம்மை, வீணை, நெட்டி வேலை என்று இந்த மாவட்டமே அந்தப் பட்டியலில் நிரம்பியிருக்கிறது. பெருமைதான். அந்தக் குறியீடு சொல்வது, இந்தப் பொருள் இந்த இடத்தின் முறைப்படி இந்த இடத்தில் ஆனது என்பது மட்டும். ஒரு பட்டுப்புடவையில் சில்க் மார்க் இருந்தால் அதன் இழை சுத்தமான பட்டு. தறி கைத்தறியா விசைத்தறியா என்று அது சொல்லாது. கைத்தறி முத்திரை இருந்தால் கையால் நெய்தது. இழை எது என்று அது சொல்லாது. மூன்று முத்திரையும் ஒரே புடவையில் இருந்தாலும், நெய்தவருக்குப் புடவைக்கு எவ்வளவு கூலி, முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்று மூன்றுமே சொல்லாது. ஒவ்வொரு முத்திரையும் தான் எடுத்துக்கொண்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறது. கேட்காத கேள்விக்கும் அதிலிருந்து பதிலை எடுத்துக்கொள்வது வாங்குபவர்.

தொழிலாளர் நிலையையே சோதிக்கிறோம் என்று வரும் சான்றிதழ்களும் உண்டு. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலைக்கு அப்படி ஒரு சர்வதேசச் சான்றிதழ், எஸ்ஏ 8000, 2012 ஆகஸ்டில் கிடைத்தது. செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீயை வைத்தது யார் என்பது தனி வழக்கு. அதில் பிறகு தீர்ப்பும் வந்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேற வழியில்லாத மாடிகள் என்பது சில வாரங்களுக்கு முன் சான்றிதழ் கொடுத்தவர்களின் கண்ணில் எப்படிப் படாமல் போனது? சோதிப்பவருக்குக் கட்டணம் கொடுப்பவர் சோதிக்கப்படுபவராக இருக்கும்வரை இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் வராது.

இனி ‘கழிவிலிருந்து’ என்ற வாசகம். வாழைக்கொல்லை வைத்திருக்கும் எவரும் இதை ஒப்ப மாட்டார்கள். தண்டு சமையலுக்கு, பட்டை பூக்கட்டுக்கு, மிச்சம் கொல்லையிலேயே மட்கி மறுதாம்புக்கு உரம். வாழை மண்ணிலிருந்து சாம்பல் சத்தை வாரி இழுக்கும் பயிர்; அதில் கணிசமான பங்கு மரத்திலும் மட்டையிலும்தான் நிற்கிறது. மரம் மண்ணுக்குத் திரும்பாவிட்டால் அந்தச் சத்தை அடுத்த முறை கடையில் வாங்கிப் போட வேண்டும். மரத்தைச் சாய்த்து அப்புறப்படுத்துவதும் கூலிச் செலவு பிடிக்கும் வேலை என்பது உண்மை. எடுத்துக்கொண்டு போகிறவர் இருந்தால் விவசாயிக்கு அது உதவிதான். ஆனால் பெரும்பகுதி நீராக இருக்கும் அந்த மரத்தில் நூறு கிலோவுக்கு நார் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். மீதிச் சக்கை எங்கே போகிறது, கொல்லைக்கே திரும்புகிறதா, வாய்க்காலில் விழுகிறதா? மரத்துக்காக விவசாயிக்கு ஏதாவது கொடுத்தார்களா? கழிவு என்று பெயர் வைத்துவிட்டால் இந்த இரண்டாவது கேள்வியே எழாது. கழிவுக்கு விலை எதற்கு என்று ஆகிவிடும்.

வாழைநாரை வைத்து நேர்மையாகத் தொழில் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. திருச்சி தாயனூரில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலக்காலில் பி.எம். முருகேசன் சைக்கிள் சக்கரத்தை வைத்து வாழைப்பட்டையைக் கயிறாக முறுக்கும் கருவி ஒன்றை வடிவமைத்தார். அதன் பிறகுதான் கையால் முறுக்கி நேரத்தைத் தொலைத்த வேலை வேகம் பெற்றது. இவையெல்லாம் மெய்யான முன்னேற்றம். அதனாலேயே அந்தப் பெயரை வைத்துப் பொய் விற்பவர்களைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

‘விலங்குத் தோல் இல்லை’ என்ற பெருமையும் இப்படித்தான். கள்ளிச் செடி, அன்னாசி இலை, ஆப்பிள் சக்கை என்று பெயர் சொல்லி வரும் பல மாற்றுத் தோல்களில் இழையைப் பிடித்து நிறுத்துவதும் மேலே பூசுவதும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் செடியின் படத்தை மட்டும் அச்சிட்டால் குற்றம். மறுபக்கம், தோலை ‘தாவரப் பதனீடு’ என்று சொல்லி விற்பவர்கள். அப்படிப் பதனிடும் தமிழ்நாட்டின் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதருக்குப் புவிசார் குறியீடு உண்டு. திருச்சி செம்பட்டில் தோல் தொழில் பல தலைமுறையாக இருக்கிறது. பட்டையில் பதனிட்டது நல்லது என்றாலும், கெட்டுப்போகாமல் இருக்கப் பச்சைத் தோலில் தடவும் உப்பை எல்லா முறையிலும் முதலில் கழுவித்தான் ஆக வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் போன இடம் எது? பாலாற்றங்கரை அதற்குக் கொடுத்த விலை நமக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முப்பது வருடமாகத் தீராத ஒன்றை ‘இயற்கையானது’ என்று ஓர் அட்டை தீர்த்துவிடுமா?

இப்போது எனக்கு எதிராகச் சொல்லப்படும் பலமான வாதத்துக்கு வருகிறேன். அதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். “கிராமத்தில் பெண்களுக்கு வேறு வருமானம் இல்லை. வீட்டு வேலை முடித்து ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள். சும்மா இருப்பதற்கு இது மேல். நீங்கள் கூலிக் கணக்குக் கேட்டுக் குடைந்தால் வாங்குபவர் பயந்து ஒதுங்குவார், அந்தப் பெண்ணுக்கு இதுவும் போய்விடும்.”

ஓய்வு நேரம் என்பதை யார் தீர்மானித்தார்கள்? நடவு, களை என்று வயலில் நின்றுவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகு மிஞ்சும் இரவு நேரத்தை ஓய்வு என்று சொல்வது, அதற்குக் குறைத்துக் கூலி கொடுக்க வசதியான பெயர். அந்த நேரத்தில் அவர் எரிக்கும் மின்சாரம், அவர் வீட்டுத் திண்ணை, கூட உட்கார்ந்து கயிறு பிரித்துக் கொடுக்கும் பிள்ளையின் கை இவை எதுவும் பிராண்டின் செலவுக் கணக்கில் வராது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களோடு சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் நேரக் கூலி நிர்ணயித்த தொழிலில் பீஸ் ரேட்டுக்கு வேலை வாங்கினாலும் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்ற விதி 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பீஸ் ரேட் என்றால் கேள்வி கேட்க முடியாது என்பது சட்டமும் ஒப்பாத வாதம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். இது எந்தக் கடையின் கணக்கும் இல்லை. கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்காக மட்டும். ஒரு பைக்கு 150 ரூபாய் கூலி. கயிறு முறுக்கி, பின்னி, கைப்பிடி கட்டி, பிசிறு நறுக்க எட்டு மணி நேரம். 2025–26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அதில் பாதிகூட இந்தக் கைவினைக்குக் கிடைக்கவில்லை. பை 2,500 ரூபாய்க்கு விற்கிறது என்றால் கூலி அதில் 6 சதவீதம். இந்தக் கூலியை 336 ஆக்கினால் பையின் விலை 2,686 ரூபாய் ஆகும். 2,500 கொடுக்கத் துணிந்தவர் இந்த 186 ரூபாய்க்குப் பயந்து ஓடிவிடுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை. நியாயக் கூலி தொழிலை அழித்துவிடும் என்ற பயமுறுத்தலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு பல நேரம் இவ்வளவுதான்.

வணிகருக்கு லாபம் கூடாதா? கூடும். வடிவமைப்பு, விற்காமல் தேங்கும் சரக்கு, கடை வாடகை, விளம்பரம், திருப்பி அனுப்பப்படும் பை இவை எல்லாம் மெய்யான செலவுகள். விலைக்கும் கூலிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. ஒரு வணிகர் ‘நல்ல பை, விலை இவ்வளவு’ என்று மட்டும் சொல்லி விற்றால் அவரிடம் சட்டப்படியான கூலிக்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை அட்டையில் போட்டு, அவள் வாழ்வு மலர்ந்தது என்று எழுதி, அதற்காகவே இன்னும் ஆயிரம் ரூபாய் வாங்கினால், அந்த ஆயிரத்துக்கு விற்ற சரக்கு அறம். எந்தச் சரக்குக்கும் ரசீது கேட்பது போல அதற்கும் கேட்போம்.

‘சின்ன நிறுவனங்களால் இதெல்லாம் முடியாது, தணிக்கைக்குப் பணம் எங்கே’ என்பதும் நிற்காது. பத்துப் பெண்களை வைத்துத் தொழில் செய்பவருக்குத் தணிக்கையாளர் எதற்கு? எந்த ஊர், எந்தக் குழு, பைக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்ற நாலு விவரமும் அவர் நோட்டிலேயே இருக்கிறது. கூலியை வெளியே சொல்லப் பெரிய நிறுவனத்துக்குத்தான் சங்கடம். அதற்கும் செய்தவருக்கும் நடுவே ஏஜெண்டுகள் அடுக்கடுக்காக நிற்கிறார்கள். நம் வீடுகளில் ஒயர் கூடை வாங்கியது எப்படி? சிவன்கண் முடிச்சா, நெல்லிக்காய் முடிச்சா என்று முடிவு செய்து, ஒயர் கட்டு இத்தனை, கைப்பிடிக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பின்னுகிற அக்காவிடமே நேராகப் பேசி முடிப்பார்கள். அந்தக் கூடையில் பிளாஸ்டிக் உண்டு, அறம் என்ற சொல்லை யாரும் ஒட்டவில்லை. ஆனால் கூலி எவ்வளவு என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது. குறைத்துக் கொடுத்தால் அக்கா முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்.

அப்படிக் கேட்க முடிவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை என்று நினைக்கிறேன். அட்டையில் இருக்கும் பெண் பேச முடியுமா? கூலி போதவில்லை என்று சொன்னால் அடுத்த வாரமும் அவருக்கு நார் வருமா? திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அங்கிருந்து பெரிய வெளிநாட்டுப் பிராண்டுகளுக்குத் துணி போய்க்கொண்டிருந்தது. அந்தப் பிராண்டுகளிடம் அழகான நடத்தை விதிகள் இல்லாமல் இல்லை. நிலைமையை மாற்றியது விதிப்புத்தகம் அல்ல. பெண்கள் நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் போராடி, 2022-இல் அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், எச் அண்டு எம் உள்ளிட்ட பிராண்டுகளோடும் மீறினால் விளைவு உண்டு என்ற ஒப்பந்தம் போட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர். அதில் வேலைத்தளத்தில் நடப்பதைக் கவனித்துச் சொல்வது பயிற்சி பெற்ற தொழிலாளர்களே. புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை உண்டு. வெளியிலிருந்து ஒரு நாள் வந்து படிவம் நிரப்பிப் போகும் தணிக்கையாளரைவிட, தினமும் அந்தத் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிகம் தெரியும். பயமில்லாமல் சொல்ல அவருக்கு இடம் இருந்தால், பிராண்டின் பேச்சு மெய்யா பொய்யா என்பது தானே வெளிவரும்.

சட்டம் இதில் பாதி வழி வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 15 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பொய்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. ‘சூழலுக்கு இசைந்தது’, ‘பசுமையானது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. பொருளா, செய்முறையா, மேலுறையா, எதைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும், கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. வாழைநார்ப் பையில் ‘ரசாயனம் இல்லை’ என்ற வாசகத்தை இந்த நெறிகளை வைத்து இன்றே கேட்கலாம். ‘நியாயமான கூலி’, ‘பெண்களுக்கு அதிகாரம்’ என்ற வாசகங்களுக்கு இப்படித் தனி நெறி இல்லை. மண்ணைப் பற்றிப் பொய் சொன்னால் பிடிக்க விதி எழுதியவர்கள், மனிதரைப் பற்றிச் சொல்லும் பொய்க்கும் அதே விதியை நீட்ட வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 1973 முதல் இயங்கும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் கடைகள் இருக்கின்றன, தஞ்சையிலும் உண்டு. மகளிர் குழுக்களின் பொருள்களை ‘மதி’ என்ற பெயரில் அரசே விற்கிறது. விலை அட்டையில் செய்த ஊர், செய்த குழு, ஆன நேரம், கொடுத்த கூலி என்று நான்கு வரி சேர்த்து அச்சிடப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. முதலில் அரசின் பையில் அது வரட்டும். பிறகு, கூடுதல் விலைக்கு விற்கும் தனியார் பிராண்டிடம் “உங்கள் அட்டையில் கூலி ஏன் இல்லை?” என்று கேட்க, கையில் ஒரு பையை வைத்திருக்கும் எவராலும் முடியும்.